ஓசி மாலுமி இலக்கணம்

படகில் இருக்கும் மனிதர் மூவகைப்படுவர்: படகை உடையவர், படகில் சம்பளம் வாங்குபவர், படகுக்குக் காசு கொடுத்தவர். இம்மூன்றிலும் அடங்காத நாலாவது ஆள் ஒருவர் உண்டு. அவருக்குப் படகு சொந்தமில்லை, சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் எடுக்கவில்லை. ஆனால் நடுக்கடலில் இரவு மூன்று மணிக்குச் சுக்கான் பக்கத்தில் விழித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். சொந்தக் காசில் விமானம் ஏறி, வேற்று நாட்டுத் துறைக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவருடைய பாய்மரப் படகில் தொற்றிக்கொண்டு கடல் தாண்டும் இந்த இனத்தை வகைதொகை செய்வது இந்நூல் நுதலிய பொருள்.

முதலில் பெயர். வெள்ளைக்காரர்கள் 'வாலன்டியர் குரூ' என்று கௌரவமாகச் சொல்வார்கள். நாம் ஓசி மாலுமி என்போம். இதில் இழிவு எதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாது, அந்த உறைமேல் போட்ட ஆங்கில முதலெழுத்துகள்தான் 'ஓசி' ஆயின என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. கதை மெய்யானால், கப்பலில் வந்த சொல்லைக் கப்பலுக்கே திருப்பி அனுப்புகிறோம். பொய்யானாலும் நஷ்டமில்லை, கதையும் ஓசிதான்.

அடுத்து முதற்பொருளாகிய நிலமும் பொழுதும். நிலம், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறை. பொழுது, நவம்பர். ஏன் நவம்பர் எனின், கரீபியன் பக்கத்துப் புயல் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிகிறது. அதற்குப் பின் வடகிழக்கிலிருந்து, அதாவது நம் கடற்கரைக் கணக்கில் வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து, ஒரு காற்று விடாமல் வீசும். பாயை விரித்தால் அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போய் மேற்கிந்தியத் தீவுகளில் விடும். 1986 முதல் இங்கிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. 'ஆர்க்' என்று பெயர். ஆரம்பத்தில் பார்படோஸுக்குப் போனார்கள். 1990 முதல் செயின்ட் லூசியாவின் ராட்னி விரிகுடாவுக்கு. தூரம் சுமார் 2,700 கடல் மைல். கரை காண ஏறக்குறைய மூன்று வாரம்.

படகுக்காரர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். இரண்டே பேர் மாறி மாறி மூன்று வாரம் விழித்திருந்தால் படகு போய்ச் சேரும், திருமணம் போய்ச் சேருமா என்பது சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் இடுக்கில்தான் ஓசி மாலுமி நுழைகிறார்.

கருப்பொருள் கூறுமிடத்து, உணவு பச்சை வாழைத்தார், விலங்கு கரப்பான், தொழில் காத்திருத்தல். உரிப்பொருள் இரங்கல்தான். நெய்தலுக்கு அதைத் தவிர வேறொன்றை வைத்திருந்தால் தப்பாகியிருக்கும் என்பது, முதுகுப்பையோடு படகுத்துறை மேடையில் நான்காம் வாரமாக நடந்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் விளங்கும்.

இனி வகை. ஓசி மாலுமி ஏறும் முறை பற்றி நால்வகைப்படுவர்: முன்பதிவினர், உறவினர், மேடை நடையர், இடைச்செருகலர்.

முன்பதிவினர் ஆறு மாதம் முன்பே கேப்டனோடு கடிதம் எழுதி, முகம் பார்த்துப் பேசி, நாள் குறித்து வருபவர். சுவாரசியம் குறைவு. உறவினர் என்பது படகுக்காரரின் அக்கா மகன். இவரைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது, குடும்ப விஷயம்.

மேடை நடையரே இந்நூலின் தலைமை மாந்தர். அக்டோபர் முடிவில் வந்து இறங்குவார்கள். ஒரு கையில் 'கரீபியனுக்கு, சமைப்பேன், வாந்தி எடுக்கமாட்டேன்' என்று எழுதிய அட்டை. (கடைசிச் சொல் வாக்குறுதி அன்று, விருப்பம்.) துணி வெளுக்கும் கடையிலும் படகுச் சாமான் கடையிலும் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் இவர்கள் படம் சிரித்துக்கொண்டிருக்கும். சுமையை வைத்து இவர்களை மேலும் பிரிக்கலாம்: வெறும் பையர், கிதார்ப் பையர், நாயுடையார். நாயுடையார்க்கு இடம் கிடைப்பது அரிது. கிதார்ப் பையருக்கு உடனே கிடைக்கும், ஆனால் பத்தாம் நாள் கேப்டன் வருந்துவார்.

இவர்களில் தேறினவர் செய்யும் தந்திரம் ஒன்றே. "வேலை இருக்கா?" என்று படகு படகாகக் கேட்டுக்கொண்டு போகமாட்டார். புதுப் படகொன்று துறைக்குள் நுழைந்து, காற்று ஒரு பக்கம் தள்ள, கேப்டன் ஒரு பக்கம் கத்த, அம்மாள் கையில் கயிற்றோடு அணியத்தில் தவிக்கும்போது, மேடையில் தற்செயலாக நிற்பவர்போல் நின்று, வீசிய கயிற்றைப் பிடித்துக் கட்டிவிடுவார். வாயைத் திறக்கமாட்டார். மாலையில் ஒரு பீர் வரும். மறுநாள் ஒரு வேலை வரும். மூன்றாம் நாள் படுக்கை வரும். கட்டிய முடிச்சு அவிழாமல் இருந்ததைக் கேப்டன் கவனித்திருப்பார்.

இடைச்செருகலர், கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு முன்பதிவினர் ஓடிப்போனதால் இடம் பெற்றவர். ஓடிப்போவதற்கும் மரபு உண்டு. 1952இல் அலேன் போம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர், கப்பல் மூழ்கினவன் கடலையே நம்பிப் பிழைக்க முடியும் என்று காட்ட, ரப்பர் மிதவை ஒன்றில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். மத்தியதரைக் கடலில் ஜாக் பால்மர் என்ற ஆங்கிலேயர் துணைக்கு இருந்தார். டாஞ்சியருக்கு அப்பால் பால்மர் இல்லை. போம்பார் லாஸ் பால்மாஸிலிருந்து தனியாகவே கிளம்பி 65 நாளில் பார்படோஸ் சேர்ந்தார். மிதவையையும் சாப்பாட்டுத் திட்டத்தையும் நினைத்துப் பார்த்தால் பால்மரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓரிரு நாள் வகை ஒன்றும் உண்டு, பனாமாவில். கால்வாயைக் கடக்கும் சிறு படகு ஒவ்வொன்றிலும் கயிறு பிடிக்க நாலு பேர் வேண்டும் என்பது விதி. கயிறு ஒவ்வொன்றும் 125 அடி. படகுகள் ஒன்றுக்கொன்று ஆள் கடன் கொடுத்துக்கொள்ளும், மொய் எழுதுகிற மாதிரி. ஒரு படகில் கயிறு பிடித்தவர் 26 மீட்டர் உயரத்து ஏரியில் இரவு தங்கி, மறுகரையில் இறங்கி, பஸ் ஏறித் திரும்பிவிடுவார். இது பெருங்கடல் அன்று; ஆகவே இங்கே விரிக்கவில்லை.

காசு பற்றிய வகை. உழைப்பு மட்டும் தருவது தலை. உழைப்போடு சாப்பாட்டுப் பங்கும் தருவது இடை. உழைப்பும் தந்து நாள் வாடகையும் தருவது கடை. கடையினர் தம்மை ஓசி என்று சொல்லிக்கொள்வது இலக்கண வழு. அவர் பயணி. கேப்டன் லாபம் பார்க்க ஆரம்பித்தால் அது வாடகைப் படகாகிவிடும், உரிமமும் இன்ஷூரன்ஸும் வேறு பேச்சுப் பேசும்.

படகுகளை ஓருடல், ஈருடல் என இரண்டாகப் பிரிப்பர். ஈருடல் படகை அவர்கள் 'கட்டமரான்' என்கிறார்கள். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளிய நம் கட்டுமரம்தான். பொருளை இங்கேயே விட்டுவிட்டுச் சொல் மட்டும் ஓசியில் ஏறிப் போய், இன்றைக்குப் பனிக்கட்டிப் பெட்டியும் நாலு படுக்கையறையும் உள்ள கோடீஸ்வரப் படகுக்குப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஓசி மாலுமிகளில் இவ்வளவு முன்னுக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை.

கேப்டன்களும் வகைப்படுவர். மௌனியர், உரையாசிரியர், நாளை கிளம்புவோர். மௌனியரிடம் கற்கலாம். உரையாசிரியர் கொதிக்கிற கெட்டிலை எந்தக் கையால் எடுப்பது என்பதற்கும் விளக்கம் வைத்திருப்பார். நாளை கிளம்புவோர் படகை மூன்று வருஷமாகச் சரிபார்க்கிறார்; அவரோடு சேர்ந்தவர் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். இரட்டைத் தலைமைப் படகில், அதாவது கணவன் மனைவி படகில், உண்மையான கேப்டன் யார் என்பது வெங்காயம் எத்தனை கிலோ என்ற கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்பதால் அறியப்படும்.

நாலாவது வகை ஒன்று இருக்கிறது, அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தனியாள் கேப்டன், பெண் மாலுமி மட்டுமே வேண்டும் என்பார், செலவெல்லாம் தன்னுடையது என்பார். நடுக்கடலில் இறங்கிப் போக வழி கிடையாது. அந்தப் படகில் முன்னே போனவர்களோடு பேசாமல், கரையோரமாக இரண்டு நாளாவது ஓட்டிப் பார்க்காமல் யாரும் ஏற வேண்டாம். ஆணுக்கும் இதுவே விதி.

தாளியல். நம் பாஸ்போர்ட்டுக்காரருக்கு இது தனி அதிகாரம். ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தில் திரும்பும் விமான டிக்கெட்டைக் காட்டியிருப்போம். படகிலோ திரும்பும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் போகிறோம். துறைமுகப் போலீஸ் நிலையத்தில் வெளியேறுவதைப் பதிவுசெய்துகொள்ளவேண்டும். அந்தக் கரையில் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு விசா விதி. மாலுமிப் பட்டியலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கேப்டன்தான், நாம் அந்தத் தீவை விட்டுப் போகும்வரை அரசுக்குப் பொறுப்பு. ஆகையால் ஊர் திரும்ப டிக்கெட் எங்கே, இல்லையென்றால் அந்தக் காசை முன்பணமாக வை என்று கேட்பவர் கஞ்சர் அல்லர். அப்படிக் கேட்காதவரிடம்தான் கவனம் வேண்டும்.

இனிச் செயல். படகில் ஓசி மாலுமிக்குக் கிடைக்கும் முதல் வேலை பாயும் அன்று, கயிறும் அன்று. எனக்குக் கிடைத்தது வாழைத்தார். அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக்கூடாது. அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். சாமான்களை மேடையிலேயே பிரித்துக் கொட்டினோம். காய்களை வாளித் தண்ணீரில் முக்கி, துணியால் துடைத்து, வெயிலில் பரப்பினேன். தாரைத் தலைகீழாகப் பிடித்துச் சீப்புச் சீப்பாக இடுக்கில் விரல் விட்டுக் கழுவ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. விரலெல்லாம் கறை. இரண்டு பூச்சி ஓடியது. ஒன்றை மிதித்தேன், ஒன்று அடுத்த படகுக்குப் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கழுவிய தாரை அமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். எட்டு நாள் பச்சையாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலை முழுத்தாரும் பழுத்துவிட்டது. நூற்றுச் சொச்சம் பழம், நாலு பேர்.

கடலில் முதல் மூன்று நாள் வகுப்பு வேறுபாடு இல்லை, எல்லாரும் வாளியர். நாலாம் நாள் பசி வரும், அதோடு பதவியும் வரும். என் பதவி குக்கர். ஊஞ்சல்போல் ஆடும் அடுப்பில் பிரஷர் குக்கரைக் கம்பியால் இறுக்கிவிட்டால் எந்த அலைக்கும் பருப்பு சிந்தாது. பல படகுகளில் இதற்காகவே குக்கர் வைத்திருக்கிறார்கள். ஆனால் விசில் எண்ணும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. முதல் விசிலில் கேப்டன் ஏதோ வெடித்தது என்று மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தார். மூன்று என்று விரல் காட்டினேன். மீதி இரண்டுக்கும் நின்று கேட்டுவிட்டுப் போனார். கழிவறைக் கைப்பம்பை யார் எத்தனை முறை அடிக்கவேண்டும் என்ற கணக்கு இதனினும் நுட்பமானது, வந்துழிக் காண்க.

இரவுக் காவல் மூன்று மணி நேரம். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு இழுபட்டு முனகும். பறக்கும் மீன் ஒன்று தளத்தில் விழுந்து தட்டிக்கொண்டு கிடக்கும். கீழே தூங்கும் மூவரின் உயிரும், அவர்கள் வீட்டுக்கடனும், அந்நேரத்தில் உம் கையில். காலையில் அவர்கள் எழுந்து "ஒன்றும் நடக்கவில்லையா?" என்பார்கள், "இல்லை" என்பீர். அதற்கு மேல் பேச்சில்லை.

புகழ் பற்றிய விதி கடுமையானது. 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸின் அணியைச் சேர்ந்த பிண்டா கப்பலிலிருந்து முதலில் கரையைக் கண்டு கத்தியவர் ரோட்ரிகோ டி ட்ரியானா. முதலில் காண்பவர்க்கு ஆண்டுக்கு 10,000 மராவெதிக் காசு என்று அரச வாக்கு இருந்தது. முந்தின இரவே நான் ஒரு வெளிச்சம் கண்டேன் என்று சொல்லி அதைக் கொலம்பஸ் வாங்கிக்கொண்டார். சம்பளம் வாங்கும் மாலுமிக்கே இந்த நிலை என்றால் ஓசியரை என் சொல்வது.

ஆயினும் இந்த இனத்துக்கு உச்ச எடுத்துக்காட்டும் அதே பிண்டாவிலிருந்துதான் வந்தது. 1895இல் ஜோஷுவா ஸ்லோகம் தன் 'ஸ்பிரே' படகில் தனியாளாக அசோர்ஸ் தீவுகளிலிருந்து கிளம்பினார். அங்கே கிடைத்த பிளம்ஸையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்று, வயிறு முறுக்கி, புயலில் அறைத்தரையில் சுருண்டுவிட்டார். கண் திறந்தபோது சுக்கானில் ஒரு நெட்டை மனிதர். தாம் கொலம்பஸின் ஆள், பிண்டாவின் வழிகாட்டி என்றாராம். விடிந்து பார்த்தால் படகு போட்ட திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு கேட்கவில்லை, படுக்கை கேட்கவில்லை, மாலுமிப் பட்டியலில் பெயர் இல்லை, விசா இல்லை, வாந்தி இல்லை. புத்திமதி மட்டும் கொஞ்சம் சொன்னார். ஓசி மாலுமிக்கு இதைவிட நிறைவான இலக்கியம் கிடையாது.

கிழக்கே திரும்பும் படகுகள் மே மாதவாக்கில் அதே அசோர்ஸில் ஹோர்டா துறையில் நிற்கும். அங்கே வந்த படகு ஒவ்வொன்றும் துறைச் சுவரிலோ தரையிலோ ஒரு படம் தீட்டிவிட்டுத்தான் போகவேண்டும். தீட்டாமல் போனால் ஆகாது என்பது நம்பிக்கை. படகின் பெயர் பெரிதாக, அதன்கீழ் கேப்டன் பெயர், அதன்கீழ் இடம் மிஞ்சினால் மற்றவர்கள். தீட்டுவது எப்போதும் ஓசி மாலுமிதான், முட்டி போட்டுக்கொண்டு, ஆகவே இடம் மிஞ்சாமல் போவதில்லை. பெயின்ட் வாங்கிய காசு சாப்பாட்டுப் பங்கில் சேருமா, படகுக் கணக்கில் சேருமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.