சாவி எங்கே சார்?

ஸ்வீடன்காரர்களின் சாப் 9-3 கார், 2003 மாடலில் புது உருவம் எடுத்ததே... பழைய கிறுக்குத்தனம் மிச்சம் இருந்ததா?

இருந்தது. சாவித் துவாரம் அப்போதும் இரண்டு சீட்டுக்கும் நடுவில்தான்! ஆனால், சாப் ரசிகர்கள் உயிராய் நினைத்த ஹாட்ச்பேக் கதவு போய், ஊரில் எல்லோரிடமும் இருக்கிற டிக்கி வந்துவிட்டது. அடித்தளமும் ஓப்பல் வெக்ட்ராவோடு பங்கு. அப்போதைய முதலாளி ஜெனரல் மோட்டார்ஸ் ஆயிற்றே, கணக்குப் பார்க்க மாட்டாரா?

சாவியைக் கொண்டுபோய் அங்கே வைப்பானேன்?

விபத்தின்போது ஸ்டியரிங் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சாவி முழங்காலைப் பதம் பார்த்துவிடக் கூடாது என்றுதான். பழைய மாடல்களில் ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவியை உருவ முடியும். திருடன் வந்தால் பின்பக்கமாகவே ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்! (அந்தத் துவாரத்தில் காபி கொட்டினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.)

சாப் 9-2எக்ஸ் என்று இன்னொரு காரும் வந்ததே?

சுபாரு இம்ப்ரெஸாவுக்கு மூக்கை மாற்றி 2004-ல் அமெரிக்காவில் விற்றார்கள். 'சாபாரு' என்று பெயர் வைத்துக் கேலி செய்தது ஊர். அதில் சாவி எங்கே என்கிறீர்களா? ஸ்டியரிங் பக்கத்தில்!

விமானக் கம்பெனி செய்த கார் என்கிறார்களே, பறக்குமா?

இரவில் ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்பீடாமீட்டர் மட்டும் ஒளிரும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். விமானி அறைப் பழக்கம். 2003 மாடலும் அதை விடவில்லை. விமானம் செய்கிற சாப் இன்றும் பறக்கிறது. கார் செய்த சாப்தான் 2011 டிசம்பரில் திவாலாகித் தரையிறங்கியது.