பிளாக்ஜாக் வாத்தியார்

தெற்குக் கலிபோர்னியாவில் குடியிருக்கும் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போவது எழுதாத சட்டம்: மலிபு பெருமாள் கோயில், டிஸ்னிலாண்ட், லாஸ் வேகாஸ். முதல் இரண்டுக்கும் வழிகாட்டி தேவையில்லை. மூன்றாவதற்கு ஒரு வாத்தியார் உண்டு. நண்பர் கூட்டம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். வாரநாளில் டேட்டாபேஸைக் கட்டி அழுபவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் ஏறியதும் பிளாக்ஜாக் வாத்தியார் ஆகிவிடுவார்.

அவருடைய முதல் கேள்வியை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். "மாமா, உங்களுக்கு ரம்மி தெரியுமா?"

"நாப்பது வருஷமா ஆடறேன் மாப்பிள்ளை."

"அதையெல்லாம் மறந்துடுங்க. இது வேற."

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேகாஸ் சுமார் 270 மைல். பாடம் தொடங்குவது 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டி ஏறியதும். உண்மையில் பிளாக்ஜாக்கில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். நம் எதிரி டீலர் ஒருவர் மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நமக்கு வழக்கு இல்லை. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து. ஆஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, நம் சௌகரியம். 21ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடுதலாக வைத்திருந்தால் ஜெயம். டீலருக்குச் சொந்தப் புத்தி கிடையாது: 16 வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். ஆஸைப் பதினொன்றாக வைத்து வரும் 17க்கு மட்டும் சில மேஜைகளில் இன்னொன்று எடுப்பார்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிடச் சமாசாரம். ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் வாத்தியாருக்கு என்ன மரியாதை?

எனவே சரித்திரம் வரும். 1956இல் மேரிலாந்து ராணுவத் தளத்தில் வேலை பார்த்த நான்கு பேர் மேஜைக் கணக்கு இயந்திரத்தைத் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியது வரும். எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் ஐபிஎம் கம்ப்யூட்டரில் அதை மேலும் சரிபார்த்து 1962இல் புத்தகமே போட்டது வரும். தோர்ப்பும் இவரும் ஹாஸ்டலில் ஒரே அறை என்று கேட்பவருக்குத் தோன்றும். "போன சீட்டை மனசுல எண்ணிட்டே வந்தா காசினோவையே ஜெயிக்கலாம்" என்பார். நீங்கள் எண்ணுவீர்களா என்று யாராவது கேட்டால், "எண்ணினா வெளியே அனுப்பிடுவாங்க" என்று அடக்கமாகச் சொல்வார். ஆறு கட்டோ எட்டுக் கட்டோ கலந்த சீட்டில், இலவச பீரைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் கடைசி சீட்டில் இடிபட்டுக்கொண்டு போன ஒரு பயணத்தில், பாடம் ஜோடிச் சீட்டைப் பிரிக்கும் கட்டத்தில் இருந்ததால், பேக்கர் ஊரின் 134 அடி வெப்பமானிக் கம்பம் யார் கண்ணிலும் படாமல் பின்னால் போனது. "ரெண்டு எட்டு வந்தா பிரிக்கணும், ரெண்டு ஆஸ் வந்தா பிரிக்கணும், ரெண்டு பத்து வந்தா உயிரே போனாலும் பிரிக்கக்கூடாது." வாத்தியாரின் மாமியார், அதுவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், கேட்டார்.

"நமக்கும் இருபத்தொண்ணு தாண்டி, அந்த டீலருக்கும் தாண்டிட்டா?"

"நமக்குத் தாண்டின உடனே காசை எடுத்துடுவாங்க அத்தை. அப்புறம் அவனுக்குத் தாண்டினாலும் நம்ம காசு வராது."

"அதெப்படி?"

"அதான் ரூல்."

"அப்ப என்னை அந்தத் தண்ணி ஆடுற ஹோட்டல்ல விட்டுடுங்க."

காசினோவின் சாதகம் முழுவதும் அடங்கியிருப்பது அந்த ஒரு விதியில்தான். நம்மை முதலில் ஆடவிட்டு, நாம் தடுக்கி விழுவதற்காகக் காத்திருக்கிறார்கள். மற்ற தாராளமெல்லாம் அதற்குப் பூசிய சந்தனம். பெலாஜியோ ஹோட்டல் வாசலில் மாமியாரை இறக்கிவிட்டு, வாத்தியார் "அத்தைக்கு இண்ட்ரஸ்ட் இல்ல" என்றார்.

மேஜைக்கு வந்தோம். வாத்தியாரின் சட்டைப் பையில் லேமினேட் செய்த ஒரு அட்டை: எந்தக் கைக்கு என்ன ஆட்டம் என்று பச்சை, சிவப்பு, மஞ்சள் கட்டங்கள். காசினோவின் பரிசுக் கடையிலேயே விற்கிறார்கள். மேஜையில் வைத்துப் பார்க்கவும் விடுகிறார்கள். கடைக்காரரே எடைக்கல்லை நம் கையில் கொடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வாத்தியாருக்குக் கலக்கவில்லை.

மாமா டீலரின் கையில் பணத்தை நீட்ட, டீலர் வாங்கவில்லை. பணத்தை மேஜையில்தான் வைக்க வேண்டும். பதினெட்டு வந்ததும் "போதும்மா" என்றார் மாமா. டீலர் அசையவில்லை.

"மாமா, வாயால சொல்லக்கூடாது. மேலே கேமரா பார்க்குது, கையை ஆட்டணும்."

மாமா கையைக் கவிழ்த்து, பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் வாளி வரும்போது இலைக்கு மேல் ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். டீலர் தலையசைத்து அடுத்த ஆளிடம் போனார். வாத்தியார் அரை மணி நேரம் சொல்லித்தந்த சைகை மாமாவின் கையில் முன்பே இருந்திருக்கிறது.

டீலர் ஆஸைக் காட்டி இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்றபோதுதான் சின்ன மனஸ்தாபம். "எடுக்காதீங்க மாமா, ஏமாத்து வேலை" என்றார் வாத்தியார். மாமா எல்.ஐ.சி.யிலிருந்து ஓய்வு பெற்றவர்.

வாத்தியாரின் உண்மையான குணம் வெளிப்பட்டது அதற்குப் பிறகு. டீலர் முன்னால் 6. கடைசி இருக்கையில் மாமாவிடம் 12. அட்டைப்படி நிற்க வேண்டும். மாமா மேஜையைத் தட்டினார். ஒரு ராஜா வந்து அவுட். டீலர் அடிச் சீட்டைத் திருப்பினால் பத்து, அடுத்து எடுத்தது ஐந்து, கச்சிதமாக 21. மேஜையே தோற்றது.

"மாமா, அந்த ராஜா டீலருக்குப் போக வேண்டியது!"

அடுத்து வரும் சீட்டு கெடுக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். கடைசி இருக்கைக்காரர் தப்பாக ஆடுவதால் நீண்ட கணக்கில் மற்றவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தோர்ப்பைப் படித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். சிப்ஸ் குறையக் குறையக் கணக்கு பின்வாங்கிச் சகுனம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சற்று நேரத்தில் மாமா அதே தப்பைச் செய்ததால் டீலர் அவுட் ஆகி எல்லோரும் ஜெயித்தார்கள். அப்போது வாத்தியார் சிப்ஸை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால், பழைய வழக்கப்படி 10 டாலருக்கு 15 தருவார்கள். இப்போது பல மேஜைகளில் 12தான். இதனால் மட்டும் காசினோவின் பங்கு நூற்றுக்கு அரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு ஆகிவிடுகிறது. "12 தர்ற மேஜையில முட்டாள்தான் உட்காருவான்" என்று வழியெல்லாம் சொன்னவர் உட்கார்ந்தது அந்த மேஜையில்தான். 15 தரும் மேஜையில் குறைந்தபட்சப் பந்தயம் அதிகம்.

மாமா தூக்கம் வருகிறதென்று 30 டாலர் லாபத்தோடு எழுந்து போனார். வாத்தியார் எழவில்லை.

மறுநாள் காலை, ஹோட்டல் அறையில் காகிதத் தட்டில் மாமியாரின் புளியோதரை. வாத்தியார் பேனாவும் நாப்கினுமாக உட்கார்ந்திருந்தார். "மணிக்கு 60 கை, கைக்கு 15 டாலர், நூத்துக்கு ரெண்டு. மணிக்கு 18 டாலர் போகணும். மூணு மணி நேரத்துக்கு 54. கணக்குப்படி நான் தப்பே பண்ணல."

"போனது எவ்வளவு மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"400. மீதி 346 வேரியன்ஸ் மாமா."

வாத்தியாரின் மனைவி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்த வேரியன்ஸைக் கேஷா குடுத்தீங்களா, கார்டுலயா?"