ஐம்பதில் பிளஸ் டூ

கேள்வி: வயது 50. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பல்கலைக்கழகம் போக ஆசை. நடக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நடக்கும். நேரே பட்டத்துக்குத் தாவிவிடாதீர்கள். பத்தும் பிளஸ் டூவும் இல்லாமல் வாங்கும் திறந்தநிலைப் பட்டத்தை இங்கே அரசு வேலைக்கு ஏற்பதில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதில் சேருங்கள். மேல் வயது வரம்பு இல்லை. எட்டாவது சான்றிதழ்கூட வேண்டாம், ‘என்னால் படிக்க முடியும்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். (பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு சுலபமாக நம்பமாட்டார்கள்!) ஐந்து பாடம் தேற வேண்டும், 5 ஆண்டுகளில் 9 வாய்ப்பு. கணக்கு கட்டாயமில்லை. பிறகு பிளஸ் டூ, அப்புறம் கல்லூரி. இப்போதே தினமும் நாலு பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள். வாட்ஸ்அப் கட்டைவிரல் மூன்று மணி நேரத் தேர்வைத் தாங்காது.