டார்மிகனுக்கு முளைத்த 'பி'

ஸ்காட்லாந்து மலைகளில் டார்மிகன் என்றொரு பறவை உண்டு. கௌதாரிக்குத் தூரத்து உறவு. குளிர்காலத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், கால்விரல் வரை இறகு போர்த்தியிருக்கும். பனியில் ஒளியத் தெரிந்த பறவைக்குப் படித்தவர்களிடமிருந்து ஒளியத் தெரியவில்லை. அதன் பெயர் உள்ளூர் கேலிக் மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்திலும் முதலில் 'டி'யில்தான் தொடங்கியது. 1684இல் ராபர்ட் சிப்பால்ட் என்ற மருத்துவர், ஸ்காட்லாந்தின் இயற்கை வளத்தைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் முன்னால் ஒரு 'பி'யை (p) குடியேற்றினார். கிரேக்கத்தில் இறகுக்கு 'ப்டெரான்'. பறவைக்கோ இறகு இருக்கிறது. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இந்த 'பி'யைப் போல வாய் திறக்காத எழுத்து, சொல்லின் பூர்வீகத்துக்குச் சாட்சி என்று வாதிடுவோர் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்'டில் (debt) இருக்கும் 'பி'யை (b) வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். பிரெஞ்சு வழியாக வந்தபோது அது இல்லைதான். ஆனாலும் லத்தீன் 'டெபிடும்' நிஜமான பாட்டன். 'ஐலண்ட்'டின் 'எஸ்' அப்படியா? அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை; லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற சொல்லைப் பார்த்து எழுத்தை இரவல் வாங்கிக்கொண்டது. ஆக, இந்தச் சாட்சிகளில் பாதிப் பேர் சம்பவ இடத்திலேயே இல்லாதவர்கள். பிழைதானே, தூக்கிவிடலாமே என்றால், அகராதி சம்மதிக்காது: எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்கிறது அகராதி, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள் எல்லோரும். கேலிக்காரர்கள் மட்டும் தங்கள் மொழியில் இன்றும் 'பி' இல்லாமலே எழுதுகிறார்கள், பறவையும் பறக்கிறது.