கடல் இல்லாத ஊரில் படகு செப்பனிடுதல்: இளையரசனேந்தலை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் போட்டு, ஓய்வு நேரத்தில் செப்பனிட ஆசைப்படுகிறவருக்கு உகந்த இடம் கடற்கரைதான் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணம் தவறு. உகந்த இடம் இளையரசனேந்தல். மண், பருத்தி, ரசாயனம், வருவாய்த்துறை ஆவணம் என்று பல துறைச் சான்றுகளாலும் இதை நிறுவ முடியும். அக்கம்பக்கத்தார் சாட்சியமும் உண்டு. ஆனால் ஆய்வு நெறிப்படி அதற்கு மதிப்பெண் குறைவு.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு செப்பனிடும் பொழுதுபோக்குக்கு ஒரே எதிரி தண்ணீர். தண்ணீர் பக்கத்தில் இருந்தால், வேலை முடிந்த மறுநாளே யாராவது வந்து “இறக்கிப் பார்த்துரலாமா?” என்பார்கள். இறக்கினால் அது போக்குவரத்து. வலை ஏற்றினால் தொழில். ஆள் ஏற்றிக் காசு வாங்கினால் வியாபாரம். மூன்றிலும் பொழுது போகும், பொழுதுபோக்கும் கூடவே போய்விடும். ஆகவே படகுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட தொலைவு கூடக்கூடச் செப்பனிடுதலின் தூய்மையும் கூடும். இதற்குத் ‘தொலைவு விதி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

முன்னோடிகளைப் பார்ப்போம். கரையில் படகு கட்டியவர்களில் மூத்தவரான நோவாவை இந்த வரிசையில் சேர்க்க இயலாது. மழை வரும் என்ற உறுதியான தகவலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியவரைப் பொழுதுபோக்காளர் என்பது நியாயமில்லை. 1719-இல் வெளிவந்த டேனியல் டீஃபோவின் நாவலில் ராபின்சன் குரூசோ ஒரு பெரிய மரத்தை வெட்டி, மாதக்கணக்கில் குடைந்து படகாக்குகிறான். முடித்த பிறகுதான் அதைத் தண்ணீருக்கு நகர்த்த முடியாது என்று தெரிகிறது. இடைவெளி சுமார் நூறு கஜம். இலக்கிய விமர்சகர்கள் இதை அவனுடைய முன்யோசனைக் குறைவுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். தொலைவு விதியின்படி பார்த்தால் அவன் தப்பு வேறு: நூறு கஜம் போதாது. கோவில்பட்டியிலிருந்தே தூத்துக்குடிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. இளையரசனேந்தல் அதற்கும் மேற்கே.

நம் பக்கத்துச் சான்று இன்னும் வலுவானது. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து, மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் வயிற்றில் புளியைக் கரைத்த வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது ஒட்டப்பிடாரத்தில். அலை அடிக்கும் ஊரில்லை அது. கரிசல் சீமை. அவர் செய்தது விளையாட்டில்லை, சிறையில் செக்கும் இழுத்தார். ஆகவே அவரை இந்தக் கட்டுரைக்குள் அதிக தூரம் இழுக்க மாட்டேன். கப்பல் பற்றிய பெரிய யோசனைகள் கடற்கரை மணலில்தான் முளைக்கும் என்ற வாதம் எப்போதோ அடிபட்டுப்போனது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி ஆய்வுக்களம். இளையரசனேந்தல் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த ஊர். 2008-இல் இந்தப் பிர்காவை எடுத்துத் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். இதன் கடல்சார் முக்கியத்துவத்தை எவரும் கவனிக்கவில்லை. ஊர் ஓரடிகூட நகரவில்லை, ஆனாலும் ஒரே அரசாணையில் கடலோர மாவட்டத்து ஊராகிவிட்டது. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் முத்துக்குளிப்பு வரலாறும் உள்ள மாவட்டம். அதோடு நின்றிருந்தால் தொலைவு விதிக்கு ஆபத்து. நல்லவேளையாக ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளமாகவே தொடர்ந்தது. 2019-இல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது குருவிகுளம் அதனோடு போய்விட்டது. தென்காசிக்குக் கடல் கிடையாது, மலைதான் உண்டு. பட்டா வேண்டுமென்றால் கடலோர மாவட்டத்துக்கும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் மலையோர மாவட்டத்துக்கும் ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். பொதுமக்களுக்கு இது அவதி. படகுக்காரருக்கோ இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. “படகு எதுக்கு?” என்று கேட்டால், “நாம கடலோர மாவட்டம்ல” என்று சொல்லலாம். “அப்ப கடல்ல இறக்கு” என்றால், “நம்ம ஒன்றியத்துக்குக் கடல் இல்லையே” என்று சொல்லித் தப்பலாம்.

எந்தப் படகை வாங்குவது என்பது அடுத்த சிக்கல். தமிழ்நாட்டில் விசைப்படகு என்றால் இழுவலை போடும் பெரிய மரக்கலம். அது தெருவுக்குள் நுழையாது. கட்டுமரத்தைச் செப்பனிட ஒன்றுமில்லை, கயிறு அறுந்தால் கட்டிக்கொள்ளலாம். எஞ்சுவது பைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகள் நம் கரைக்கு வந்தன. அவசரத்தில் வார்த்தவை பல. அப்படி ஒன்று ஆயுள் முடிந்து கரையில் கவிழ்ந்து கிடந்தால், மினி லாரியில் ஏற்றிவிடலாம். மாடுகள் விற்றுப்போய்க் காலியாக நிற்கும் தொழுவம் அதற்குக் கச்சிதமாக இருக்கும். முன்முனையான அணியம் மட்டும் தெருப்பக்கம் கொஞ்சம் நீட்டும்.

மரப்படகு விரும்பிகளை இந்த ஊர் கைவிடாது. உண்மையில் இந்த ஆய்வின் மிகச் சிறந்த தரவு அங்கேதான் இருக்கிறது. படகின் விலா எலும்பாக நிற்கும் வங்குகளுக்கு நாட்டுக் கருவேலம் நல்ல மரம். கண்மாய்க்குள் வளர்வது. சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நேராக வளர்ந்ததைவிட, வளைந்து கோணிய கிளைக்குத்தான் படகு ஆசாரியிடம் மரியாதை, வளைவு வேலை மிச்சம். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் அது கலப்பத்து. பஞ்சுக்கு எங்கே போவது? கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இலிருந்து மானாவாரிப் பருத்தியோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தி இந்தக் கரிசலின் சொந்தப் பிள்ளை. ஆக, படகின் எலும்புக்கும் இடுக்குக்கும் தேவையானவை கடற்கரையில் முளைப்பதில்லை. இங்கேதான் முளைக்கின்றன. பொருள் விளையும் இடத்திலேயே தொழிற்சாலை அமைய வேண்டும் என்று பொருளாதாரப் பாடநூல் சொல்கிறது. நான் அதை மறுக்கத் துணியவில்லை.

மரப்படகின் இன்னொரு குணம் தொலைவு விதிக்குப் பேருதவி. வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும், தண்ணீரில் போட்டால் ஊறி மூடிக்கொள்ளும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் ஊரில், ஊறுவதற்கு வழியில்லை. ஒவ்வொரு கோடையிலும் இடுக்கு திறக்கும், ஒவ்வொரு கோடையிலும் கலப்பத்து வேலை புதிதாகக் கிடைக்கும். கரிசல் மண்ணும் ஒத்துழைக்கிறது. அதிலுள்ள மாண்ட்மொரில்லோனைட் களிமண் மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசியில் மட்டம் பார்த்து வைத்த முட்டுக்கட்டை சித்திரையில் ஒரு பக்கமாகச் சாயும். படகு நின்ற இடத்திலேயே ஆடும் அனுபவம் கடற்கரையில் கிடைக்காது, அங்கே அதற்குக் கடலுக்குள் போக வேண்டும்.

கடல் படகுக்குச் செய்யும் கொடுமைகளையும் நடுநிலையோடு பட்டியலிட வேண்டும். கப்பல் புழு மரத்தை உள்ளிருந்து குடையும். அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டி வேகத்தைக் கெடுக்கும். உப்பு இஞ்சினை அரிக்கும். பைபர் உடம்புக்குள் நீர் கசிந்து கொப்புளம் கிளம்பும். இந்த நான்கு நோய்களும் இளையரசனேந்தலில் அறவே இல்லை. இதற்காகச் சுகாதாரத்துறை தனி முயற்சி எதுவும் எடுக்கவில்லை, இயல்பாக அமைந்த வரம்.

பைபர் வேலைக்கு வருவோம். பாலியெஸ்டர் ரெசினில் கோபால்ட் முடுக்கியைக் கலந்து, பிறகு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு கெட்டியாக்கும் திரவம் ஊற்றி, கண்ணாடி இழைப் பாயை நனைத்துப் பதிக்க வேண்டும். சூடு கூடினால் சீக்கிரம் இறுகும். சித்திரை வெயிலில் தூரிகையைத் தேடி எடுத்து வருவதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும். அதை என்ன செய்வது என்று கேட்டால், பேப்பர் வெயிட். கோபால்ட்டையும் கெட்டியாக்கும் திரவத்தையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கரையோரங்களில் இதை எச்சரிக்கைப் பலகை எழுதி வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். தீப்பெட்டி மருந்தோடு தலைமுறைகளாகப் பழகிய கோவில்பட்டி வட்டாரத்தில் எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இஞ்சின்தான் பெரிய அதிகாரம். அவுட்போர்டு மோட்டாரை 1909-இல் வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஓலே எவின்ரூட். ஏரிக்கரை விருந்து ஒன்றில் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போனார், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் மோட்டார் என்று ஒரு கதை உண்டு. இளையரசனேந்தலில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருவார். அவுட்போர்டு மோட்டார் இங்கே கண்டுபிடிக்கப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மெக்கானிக்கும் உள்ளூரிலேயே கிடைப்பார், பம்ப்செட் மெக்கானிக். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுவது, பிளக்கை உப்புத்தாளில் தேய்ப்பது, ‘டூ ஸ்ட்ரோக்’ இஞ்சினுக்குப் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தத்துவத்தில்தான் தகராறு வரும்.

“அண்ணாச்சி, இது எத்தன அடி ஆழத்துல தண்ணி எடுக்கும்?”

“எடுக்காதுப்பா. தள்ளும்.”

“எங்க தள்ளும்?”

“பின்னால.”

“பின்னால யாரு புஞ்ச கெடக்கு?”

இது நகைப்புக்குரிய கேள்வி போலத் தோன்றினாலும் இயற்பியலில் பழுதில்லாதது. இஞ்சின் ஓரிடத்தில் நின்றால் தண்ணீர் போகும், தண்ணீர் நின்றால் இஞ்சின் போகும். பம்ப்செட்டும் படகும் ஒரே தத்துவத்தின் இரண்டு முனைகள். விவசாயிக்கு முதல் முனைதான் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

ஆனால் சோதனை ஓட்டத்துக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவுட்போர்டின் குளிர்நீர் பம்புக்குள் ரப்பர் சக்கரம் ஒன்று சுற்றுகிறது. காய்ந்த நிலையில் ஓட்டினால் அது சீக்கிரமே கருகிவிடும். எனவே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கால் முங்கும்படி மாட்டி ஓட்ட வேண்டும். பீப்பாய்த் தண்ணீர் குழம்பிச் சுழித்து, முற்றமெல்லாம் தெறித்து, மேலே ஆயில் மிதக்கும். குடத்துக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்றால், அந்த வீட்டில் அடுத்து நடப்பது இயந்திரவியலின் எல்லைக்கு வெளியே உள்ளது. வடபுலத்து அறிஞர்கள் இதை அளவிட்டதில்லை.

வேலைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அப்போதுதான். முடிந்ததும் கடலுக்குப் போயே ஆக வேண்டும், அதனால் எல்லாமே அவசரம். இளையரசனேந்தலில் தடைக்காலம் 365 நாள். லீப் ஆண்டில் ஒரு நாள் கூடும்.

தொலைவு விதிக்கு எதிரான சான்றுகளை மறைப்பது நேர்மையாகாது. 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் வரை கொண்டுபோய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோவில்பட்டிப் பக்கமும் கண்மாய்கள் நிரம்பி வழிந்தன. அப்படிப்பட்ட நாளில் தொழுவத்துப் படகு திடீரென்று பயனுள்ள பொருளாகிவிடும். யாரும் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். சாதாரண மழைக்கே கோவில்பட்டியில் இளையரசனேந்தல் சாலை ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும். இந்த ஆய்வின் நோக்கில் மிக அருகிலுள்ள கப்பல் போக்குவரத்துக்குரிய நீர்ப்பரப்பு அதுதான். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் என்பதால் விதியை அது தகர்க்கவில்லை, கொஞ்சம் நனைக்கிறது.

கடைசியாக அக்கம்பக்கத்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது, “என்னய்யா, கப்பலு கெளம்பிருச்சா?” என்பார். “இல்ல பெரியம்மா, இஞ்சின் வேல கெடக்கு.” “அப்ப நாளைக்குக் கெளம்பும்.” இதைச் சமாளிக்க வழியை ஜெர்மனியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காட்லீப் டெய்ம்லர் 1886-இல் நெக்கர் ஆற்றில் தன் மோட்டார் படகைச் சோதித்தபோது, பெட்ரோல் என்றால் வெடிக்கும் என்று ஜனங்கள் பயந்தார்கள். அவர் படகைச் சுற்றிக் கம்பியும் பீங்கான் குமிழும் கட்டி மின்சாரப் படகு போலக் காட்டினார் என்பார்கள். நம் படகுக்காரரும் “தொட்டி செய்றேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டால் போதும். தொட்டி யாருக்கும் விசித்திரமில்லை.

ஆனால் தொட்டி என்று சொன்னால் தொட்டிக்குரிய விளைவுகள் வரும். ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இரண்டு நாள் இரவல் கேட்பார். இன்னொருவர் மிளகாய் வற்றல் கொட்டிவைக்க இடம் கேட்பார். ஐப்பசி மழையில் கவிழ்க்காமல் விட்ட படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். படகு தண்ணீரில் நிற்காத ஊரில் தண்ணீர் படகில் நிற்கும் என்பது தொலைவு விதியின் துணைத்தேற்றம். அடுத்த வாரம் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச்சோடு வருவார்கள், உள்ளே எட்டிப் பார்த்துக் கொசுப்புழு இருப்பதை உறுதி செய்வார்கள், அபேட் மருந்து ஊற்றுவார்கள். பிறகு குறிப்பேட்டைத் திறப்பார்கள். ஆட்டுக்கல், டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டி என்று எழுதிக்கொண்டே வந்தவர் இங்கே பேனாவை நிறுத்தி, “சார், இத எதுல போட?” என்று கேட்பார். ‘இதர’ என்ற கட்டத்தில் போடும்படி இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.