ஆளை மட்டும் வெட்டிக் கொடுங்க

பின்னணியிலிருந்து ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்க முயன்றவர்களில் மூத்தவர் பிருங்கி முனிவர். சிவனை மட்டுமே சுற்றுவேன், பக்கத்தில் இருக்கும் அம்மன் வேண்டாம் என்பது அவருடைய வைராக்கியம். இருவரும் ஓருடலாகவே ஆகிவிட்டபோதும், வண்டாக மாறி நடுவில் துளைத்துக்கொண்டு போய் வலம் வந்தார் என்று கதை. அம்மனுக்குக் கோபம் வந்து, அவர் உடம்பில் தாயின் பங்கான சதையையும் ரத்தத்தையும் பறித்துக்கொள்ள, மனிதர் நிற்க முடியாமல் மூன்றாவது கால் வாங்கவேண்டியதாயிற்று. இந்த விவகாரத்தை வைத்துத்தான் எங்கள் திருவண்ணாமலையில் மாட்டுப்பொங்கலன்று திருவூடல் விழா நடக்கிறது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட, சுவாமி அன்றிரவு வெளியில் தங்கி, மறுநாள் கிரிவலம் முடித்துக்கொண்டு வந்துதான் சமாதானம்.

நான் கோயிலுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருப்பவன். வருஷாவருஷம் அந்த ஊடலைப் பார்க்கும்போது, பிருங்கி செய்தது சுத்தமான பென் டூல் வேலை என்றுதான் தோன்றும். விளிம்பை ஒட்டியே போயிருக்கிறார். விளிம்பை மங்கவைக்கிற ஃபெதர் கொஞ்சம் கொடுத்திருந்தால் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் மேஜிக் வாண்டைத்தான் தொடுவார்கள். 1990-இல் போட்டோஷாப்பின் முதல் பதிப்பிலேயே இருந்த கருவி. ஓரிடத்தில் தட்டினால், அதையொட்டி அதே நிறம் இருக்கிற இடமெல்லாம் சிக்கும். எவ்வளவு கிட்டத்தட்ட அதே நிறம் என்பதை டாலரன்ஸ் முடிவு செய்யும். நாம் மாற்றாதவரை அது 32-இல் நிற்கும். இதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டு வட்டச் செயலாளரைப் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் கல்யாண மண்டபத்து வெள்ளைச் சுவர். சுவரைத் தட்டினால் வேட்டியும் சேர்ந்து போகும். கரை மட்டும் மிஞ்சும். கரையை மட்டும் கட்டிய தலைவரைப் பேனரில் ஏற்றினால் கடை மிஞ்சாது.

அதனால் பென் டூல். புள்ளி வைத்து, இழுத்து, வளைத்துக் கோலம் போடுகிற வேலை. இந்த வளைவுக் கணக்குக்கு பியேர் பெசியே என்ற பொறியாளரின் பெயர்; ரெனோ கார் கம்பெனியில் இருந்தவர், 1960-களில் கார் உடம்பை வடிவமைக்க இதைப் பயன்படுத்தினார். பிரெஞ்சுக் காருக்கு வரைந்த வளைவு எங்கள் ஒன்றியச் செயலாளர்களின் தொப்பைக்குக் கச்சிதமாக உட்காருகிறது.

முடிக்கு வந்தால்தான் பென் டூல் மண்டியிடும். ஒவ்வொரு மயிரையும் சுற்றிப் புள்ளி வைத்தால் அடுத்த கார்த்திகை தீபம் வந்துவிடும். அதற்கு சேனல் வித்தை. படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். நீல வானத்தின் முன்னால் நிற்கிறவர் என்றால், நீலச் சேனலில் வானம் வெளுத்தும் முடி கறுத்தும் தெரியும். அதை நகலெடுத்து, லெவல்ஸில் வெளுப்பை இன்னும் வெளுக்கவைத்து, கறுப்பைக் கன்னங்கரேல் ஆக்கினால் அதுவே ஆளை வெட்டுகிற மாஸ்க். கூந்தல் பறக்கிற கல்யாணப் பெண்ணுக்கு இது அமிர்தம். ஆனால் நான் கடை வைத்திருக்கிற ஊரில் சடாமுடி, அதன்மேல் விபூதி, நெஞ்சுவரை வெண்தாடி, பின்னால் வெண்மேகம். எந்தச் சேனலைத் திறந்தாலும் எல்லாம் ஒரே சாம்பல். பற்றை அறுக்க வந்தவர்களின் தாடியை வானத்திலிருந்து அறுப்பது மகா கஷ்டம். மொட்டை போட்டுக்கொண்டு வருகிற பக்தர்தான் என் குலதெய்வம். நாலே புள்ளியில் தலை முடிந்துவிடும்.

வெட்டுவது பாதி வேலைதான். ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். கார்த்திகை வந்தால் எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால் மகாதீபம் வேண்டும். 2,668 அடி மலையின் உச்சியில், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யில் எரிகிற ஜோதி. கீழிருந்து போனில் எடுத்தால் ஒரு புள்ளி. அதைப் பெரிதாக்கிப் போட்டாயிற்று. முன்னால் நிற்கவேண்டியவரின் படமோ பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தது; கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கின் நிழல் மீசையில் விழ நிற்கிறார். வேப்பமரத்தடியில் எடுத்திருந்தால் தோளோரம் பச்சையும் ஒட்டிக்கொண்டு வரும். விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, மிச்சப் பச்சையை வடித்து, கன்னத்து ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு தடவினால் தீபத்தின் முன்னால் நின்ற களை வந்துவிடும். வந்ததும் வாடிக்கையாளர் எட்டிப் பார்ப்பார். "என்னா தம்பி, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கேன்? பளிச்சுனு பண்ணு." பளிச்சென்று பண்ணுவேன். உச்சிவெயில் திரும்பி வந்துவிடும்.

இப்போது எல்லாம் ஒரே தட்டு என்கிறார்கள். 2018-இல் போட்டோஷாப்புக்கு செலக்ட் சப்ஜெக்ட் வந்தது. 2022 முதல் ஐபோனில் ஆள்மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே தனியாகக் கழன்று வருகிறார். பாஸ்போர்ட் படத்துக்கு உத்தமம். திருவிழாப் படத்துக்கு வேறு கதை. தீபத் திருவிழாவில், வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் புடவைத் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் படுக்கவைத்து மாட வீதி சுற்றுவார்கள். அப்படி ஒரு தம்பதி, போனில் ஏதோ ஒரு ஆப்பில் தாங்களே வெட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா இருந்தார், அம்மா இருந்தார், தொட்டிலும் இருந்தது. கரும்பைச் செடிகொடி என்று தள்ளிவிட்டது ஆப். புடவை அந்தரத்தில் தொங்க, இருவரும் வெறுங்கையைத் தோளருகே மடக்கிக்கொண்டு பரதம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பழைய படத்தைக் கேட்டு வாங்கி, கணுக்கணுவாகப் பென் டூலில் போனேன். தோகை இருக்கிறதே, அது சாமியார் தாடியைவிட மோசம்.

ஆனாலும் கடைக்கு அதிகம் வருவது அஞ்சலி வேலைதான். எண்பது வயதுவரை இருந்தவருக்கும் தனியாக ஒரு படம் இருக்காது. யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பார். அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ், ஆளை மட்டும் வெட்டிக் கொடுங்க" என்பார்கள். அப்படி ஒரு பெரியவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. வெட்டினேன், மாலை போட்டேன். தோளில் மட்டும் நாலு விரலும் இரண்டு கண்ணாடி வளையலும் மிச்சம். பின்னால் நின்ற யாரோ கை வைத்திருக்கிறார்.

"அம்மா கையாத்தான் இருக்கும், விட்டுடுங்க" என்றார் மூத்த மகன். "அம்மா எங்கடா கண்ணாடி வளையல் போட்டாங்க?" என்றார் இளையவர். பேச்சு தடித்து, வீட்டுக்குப் போன் போய், கடைசியில் அந்த அம்மாவே ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் குனிந்தார்.

"இது என் நாத்தனார் கை. எடுத்துடு தம்பி. அவரு இருக்கும்போதே எடுக்கச் சொன்னேன், எடுக்கல."

விரலை எடுத்தால் அடியில் சட்டை இருக்காது. பக்கத்துத் துணியை நகலெடுத்து ஒட்ட வேண்டும். அதுவும் கோடு போட்ட சட்டை. கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். நூறு ரூபாய் கூட ஆகும் என்றேன்.

"இருநூறா வாங்கிக்க. சுத்தமா எடு."