குட்டி போட்ட சேதி

குட்டி பிறந்தால் நல்ல சேதி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். எழுபதுகளில், "உயிர் காலேஜ்ல சிங்கம் குட்டி போட்டிருக்காம்" என்று யாராவது வந்து சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் எங்கள் சூளைப் பகுதியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பாந்தியன் சாலை அருங்காட்சியகம் எங்களுக்குச் செத்த காலேஜ். ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரவில் ஊர் அடங்கிய பிறகு அங்கே சிங்கம் உறுமினால் எங்கள் வாசல் திண்ணைக்குக் கேட்கும்.

கூண்டுகள் வரிசையாக இருக்கும். கட்டைவிரல் கனத்துக்கு இரும்புக் கம்பி, உள்ளே சிமென்ட் தரை, மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. புலி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கும். அது திரும்பும் இடத்தில் மட்டும் தரை வழுவழுவென்று தேய்ந்து பளபளக்கும். நாங்கள் கம்பிக்கு வெளியே நின்று வேர்க்கடலையை வீசுவோம். புலி வேர்க்கடலை தின்னாது என்பதுகூட எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. அது நிமிர்ந்து பார்த்தால் போதும். குட்டி போட்ட கூண்டின் முன்னால் கூட்டம் நெருக்கியடிக்கும். தாய் மிரண்டு மூலையில் ஒடுங்கும். அந்தக் குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று கேட்கும் வழக்கம் யாரிடமும் இல்லை.

அந்த உயிர் காலேஜுக்கு வயது அதிகம். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தார். பாடம் பண்ணி வைத்த பறவைகளைவிட, உயிரோடு வைத்திருந்த விலங்குகளைப் பார்க்கத்தான் சனங்கள் திரண்டு வருகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். கூட்டத்தைப் பார்த்துப் பிறந்த இடம் அது. பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி, நகரசபையின் கைக்கு வந்து, நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒரு மிருகம் புதிதாக வந்தது என்றால் அது அந்தக் கூட்டத்துக்காக வந்தது, அவ்வளவுதான்.

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக் கடைகளோடு எங்கள் பால்ய காலத்தின் பாதியும் போயிற்று. அதே வருஷம் ஜூலையில் எம்.ஜி.ஆர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். காப்புக்காட்டில் ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல் ஒதுக்கி, கம்பிக்குப் பதில் அகழி வெட்டி, மரங்களுக்கு நடுவே விலங்குகளை விட்டார்கள். அன்றைக்கு வண்டலூர் என்றால் ஊருக்கு வெளியே. தாம்பரம் தாண்டி எவ்வளவு தூரம் என்று அப்பா அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. உள்ளே போனதும் அவருக்கு இன்னொரு குறை: "காசு குடுத்துட்டு வந்து மரத்தைத்தான்டா பாக்குறோம். புலி எங்க?" புலி நிழலில் படுத்திருந்தது. மூங்கில் புதருக்குப் பின்னால் வால் நுனி மட்டும் தெரிந்தது. நடக்காத புலியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது பேரனை அழைத்துக்கொண்டு போகிறேன். பேட்டரி கார் இருக்கிறது, பறவைகளுக்கு நடுவே நடந்து போகிற பெரிய கூண்டு இருக்கிறது, வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தனி இடம் இருக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. அது ஏடுகளில் இருக்கிறது. 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்த பிறகு, ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு விலங்கை மாற்ற வேண்டுமானால் ஒப்புதல் வேண்டும். அரிய விலங்கு என்றால் அதன் தாய் யார், தகப்பன் யார், எங்கே பிறந்தது என்று வம்சாவளி ஏடு எழுதுகிறார்கள். இந்த ஜோடியைச் சேர்க்கலாமா, கூடாதா என்பதை அந்த ஏட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாக வந்த விலங்கு நேரே சனங்கள் முன்னால் வராது. சில வாரம் தனியாக வைத்து நோய் நொடி பார்த்த பிறகே விடுவார்கள். குட்டி போட்ட தாயை ஆள் நடமாட்டமில்லாமல் விட்டு, கேமரா வழியாகத்தான் கவனிக்கிறார்கள். நாங்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் இன்று ஒரு மூடிய கதவு இருக்கிறது. அந்தக் கதவைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன்.

இவ்வளவு அறிவு வந்த பிறகும் வண்டலூரில் அதிகக் கூட்டம் நிற்பது வெள்ளைப்புலியின் முன்னால்தான். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. வெள்ளைப்புலி தனி இனம் இல்லை. நம் வங்கப்புலிதான், ஒரு மரபணு மாற்றம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால் மஞ்சள் நிறம் போய்விடுகிறது. 1951-இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் பிடித்த மோகன் என்ற ஆண் குட்டியிலிருந்து இந்த வம்சம் ஆரம்பம். மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்து 1958-இல் வெள்ளைக் குட்டிகள் எடுத்தார்கள். உலகத்துப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நிறத்தைக் காப்பாற்ற ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, அதோடு மாறுகண்ணையும் வேறு பல கோளாறுகளையும் சேர்த்தே வளர்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறை வெள்ளைக் குட்டி பிறக்கும்போதும் செய்தித்தாளில் படம் வரும். பேரன் கேட்டான்: "தாத்தா, இது எந்தக் காட்டுல இருக்கும்?" எந்தக் காட்டிலும் இல்லை என்றேன். அவன் முகம் வாடியது. அந்தக் குட்டி எந்தக் காட்டையும் நிரப்பப் போவதில்லை. அது பிறக்கக் காரணம் 1855-இல் பால்ஃபர் கண்ட அதே கூட்டம்.

பிறக்காத குட்டிகளின் கதையும் இங்கே உண்டு. சிங்கம் புலிகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998-இல் அரசு தடை விதித்த பிறகு, சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்ட சிங்கங்களைக் கொண்டுவந்து வைத்த இடங்களில் வண்டலூரும் ஒன்று. சர்க்கஸ்காரர்கள் ஆசியச் சிங்கத்தையும் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கலந்திருந்தார்கள். கலப்பு வம்சத்தை மேலும் பெருக்க வேண்டாம் என்பது முடிவு. அந்தச் சிங்கங்கள் நிழலில் படுத்து, வேளைக்குத் தின்று, வயதாகிப் போய்ச் சேரட்டும் என்று விட்டார்கள். சர்க்கஸில் சவுக்குக்குப் பயந்த விலங்குக்கு நாம் பட்ட கடன் அது. குட்டி போடாத அந்தச் சிங்கங்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் படம் போடாது.

2021 ஜூன் மாதம் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின. டெல்டா வகை என்று தெரிந்தது. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3-ஆம் தேதி இறந்தது. அதே மாதம் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தது. வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்கள் அவை. அந்தச் செய்தியை வாசித்த அன்று, சூளைத் திண்ணையில் கேட்ட உறுமல் எனக்கு ரொம்ப நேரம் காதில் இருந்தது.

சிங்கவால் குரங்குக்கு வருகிறேன். இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இதற்கு வீடு கிடையாது. மொத்தமே மூன்று நான்காயிரத்துக்குள்தான் இருக்கும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் தாய் ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பில் குட்டி அட்டை போல ஒட்டிக்கொண்டிருந்தது. பிடரி இன்னும் முளைக்காததால் முகம் முழுக்கக் கண்ணாகத் தெரிந்தது. தாய் இலைக்காம்பை உரித்துத் தின்றது. குட்டி கையை நீட்டித் தாயின் வாயிலிருந்தே ஒரு துணுக்கைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. நாங்கள் அரைமணி நேரம் நின்றோம். எங்களைத் தாண்டிப் போனவர்கள் "ஏ, கொரங்குதான்டா" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

இந்தக் குரங்கினத்தைப் பூங்காக்களில் பெருக்கும் பொறுப்பை நாட்டிலேயே முன்னின்று நடத்துவது நம் வண்டலூர். எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் குரங்கின் பெயரைச் சொல்லித்தான் கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காப்பாற்றப் போராடினார்கள். உயிர் காலேஜ் இடம் மாறிய அதே 1985-இல்தான் அந்தத் தேசியப் பூங்காவையும் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக மிஞ்சிய காட்டில் இந்தக் குரங்குகள் இன்றும் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். காடு அப்படித் துண்டுபட்டுக் கிடக்கும்போது, வண்டலூரில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் ஒரு கையிருப்பு.

பூங்கா நிர்வாகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை குட்டிச் செய்தி கொடுக்கும்போது இந்தக் கறுத்த முகத்தின் படத்தை முதலில் கொடுங்கள். தாய் எந்த வருஷம் எங்கே பிறந்தது, தகப்பன் எந்தப் பூங்காவிலிருந்து வந்தது, இதுவரை இங்கே எத்தனை பிறந்தன என்பதை இருப்பிடத்தின் முன்னால் ஒரு பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். வால்பாறைப் பாலத்தின் படம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளைப்புலி இருப்பிடத்தின் முன்னாலும் ஒரு பலகை வேண்டும். அதில் மோகன், ராதா இருவரின் கதையை முழுசாக எழுத வேண்டும்.